'மனைவி மேரி' என்பதோடு தடம் நின்றுவிட்டதா? காலனி கால அமெரிக்கப் பெண்ணைத் தேடுகிறவர்களுக்கு, சிக்கல் வாரியாக

1607-ல் ஜேம்ஸ்டவுன் குடியிருப்பு தொடங்கியதிலிருந்து 1776 வரைக்குமான அமெரிக்காவில் ஒரு ஆணின் பூர்வீகத்தைத் தேடுவது ஒரு வேலை, பெண்ணின் பூர்வீகத்தைத் தேடுவது முற்றிலும் வேறு வேலை. ஆங்கிலேயர்களின் பொதுச் சட்டப்படி கல்யாணம் ஆனவுடனே அவளுடைய சட்டபூர்வமான இருப்பு கணவனுடையதில் கரைந்துவிடும். கையில் இருக்கும் பணமும் பண்டமும் அவனுடையவை, அவன் சம்மதம் இல்லாமல் உயில் எழுத முடியாது, தனியாக வழக்குப் போட முடியாது, நிலத்தை விற்க முடியாது. அப்புறம் காகிதத்தில் அவள் பெயர் எங்கிருந்து வரும்? அதனால் தேடல் பெட்டியில் அவள் பெயரைப் போட்டுப் போட்டுச் சலித்துப்போனவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். அவளைத் தேடாதீர்கள். சொத்து கைமாறிய இடத்தையும் சண்டை நடந்த இடத்தையும் தேடுங்கள், அவள் அங்கே இருப்பாள்.

அமெரிக்காவில் சம்பந்தம் செய்துகொண்டு மருமகள் வீட்டு வம்சாவளியை எழுத உட்கார்ந்தவர்களும் இருப்பீர்கள், சும்மா ஆர்வத்தில் இறங்கியவர்களும் இருப்பீர்கள். உங்கள் சிக்கல் எதுவோ அதற்கு நேராகப் போய்விடலாம். உதாரணத்துக்கு அடிக்கடி ஆன் ஈட்டன் என்ற பெண்மணியை இழுப்பேன். சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் 1687 முதல் 1692 வரை கவர்னராக இருந்த எலிஹு யேல் 1649-ல் பாஸ்டனில் பிறந்தவர், அவருடைய அப்பாவைப் பெற்ற பாட்டிதான் இந்த ஆன். விடை தெரிந்த கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால் தெரியாத கணக்கில் எங்கே கை வைக்க வேண்டும் என்று புரியும், அதற்காகத்தான்.

கணவன் பெயர் இருக்கிறது, இவளுக்கு 'மனைவி மேரி' என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை

பத்தில் எட்டுப் பேர் இங்கேதான் நிற்பார்கள், ஆகவே இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் கணவனுடைய உயிலை முழுதாகப் படியுங்கள், சுருக்கத்தை அல்ல. யார் சாட்சி, யார் நிறைவேற்றுபவர், யாருக்கு மேற்பார்வை கொடுத்திருக்கிறான், வேறு குடும்பப் பெயர் உள்ள யாரையாவது 'சகோதரர்' என்று சொல்லியிருக்கிறானா. கனெக்டிகட் கவர்னர் எட்வர்ட் ஹாப்கின்ஸின் மனைவியை எடுத்துக்கொள்ளுங்கள். மாசசூசெட்ஸ் கவர்னர் ஜான் வின்த்ராப் 1645-ல் தன் நாட்குறிப்பில் அந்தப் பெண்ணைப் பற்றி எழுதுகிறார். அளவுக்கு மீறிப் படித்தும் எழுதியும் புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்கிறாரே தவிர (இந்தக் காரணத்தை நம்புவது உங்கள் இஷ்டம்), அவள் யார் வீட்டுப் பெண் என்று சொல்லவில்லை. 1657-ல் லண்டனில் இறந்த ஹாப்கின்ஸின் உயில் அதைச் சொல்கிறது. மனைவியைப் பராமரிக்க ஏற்பாடு செய்யும்போது டேவிட் யேலை அவளுடைய சகோதரன் என்று குறிப்பிடுகிறார். அந்த ஒரு வரியில் அவள் ஆன் யேல் ஆகிவிடுகிறாள், நம் ஆன் ஈட்டனின் மகள், எலிஹு யேலின் அத்தை.

அடுத்தது எதிர்ப்பக்கத்திலிருந்து வருவது. அதே ஊரில், சுற்றுவட்டாரத்தில், அந்தத் தலைமுறை அப்பாக்களின் உயில்களை வரிசையாகப் பார்த்து, 'என் மகள் மேரி' என்று சொல்லிப் பக்கத்தில் உங்கள் குடும்பப் பெயர் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்பா உயில் எழுதாமல் செத்திருந்தால் இன்னும் நல்லது என்பேன், ஏனென்றால் மாசசூசெட்ஸ் போன்ற இடங்களில் உயில் இல்லாவிட்டால் மூத்த மகனுக்கு இரட்டைப் பங்கு, மற்ற எல்லாருக்கும், பெண்கள் உட்பட, ஆளுக்கொரு பங்கு. பங்கு கொடுத்தால் ரசீது இருக்கும், ரசீதில் மருமகன்கள் கையெழுத்து இருக்கும். வர்ஜீனியாவில் இது நடக்காது. உயில் இல்லாவிட்டால் நிலம் முழுக்க மூத்த மகனுக்குத்தான், 1785-ல் சட்டம் போட்டுத்தான் அதை மாற்றினார்கள். அங்கே பெண்ணுக்குப் போனது கட்டில், மாடு, அடிமைகள் என்று வேறு வடிவத்தில் இருக்கும்.

பத்திரங்களை விட்டுவிடாதீர்கள். அப்பா இறந்து பத்து இருபது வருஷம் கழித்துக்கூட கூடப் பிறந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒருவருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பார்கள், அதில் ஒவ்வொரு மகளும் அவள் புருஷனும் வரிசையாக நிற்பார்கள். கணவன் இறந்தால் அவன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆயுள் வரைக்கும் அனுபவிக்கும் உரிமை மனைவிக்கு இருந்தது. அதனால் அவன் நிலம் விற்கும்போது வாங்குகிறவன் அவளிடமும் ஒப்புதல் கேட்பான். வர்ஜீனியா, மேரிலாந்து பக்கம் அவளைத் தனியாக அழைத்து, புருஷன் மிரட்டிச் சம்மதிக்க வைக்கவில்லையே என்று கேட்டுப் பதிவு செய்தார்கள். இந்த ஒப்புதலில் பிறந்த வீட்டுப் பெயர் வராது, ஆனால் எந்த வருஷம் வரைக்கும் மேரி இருந்தாள், எந்த வருஷத்திலிருந்து அந்த இடத்தில் சாரா வந்துவிட்டாள் என்பது தெரிந்துவிடும்.

சிறுவர்களுக்குக் காப்பாளர் நியமித்த காகிதங்களில் அடிக்கடி அம்மாவின் அப்பாவோ தாய்மாமனோ வருவார்கள். கல்யாணமாகாத அத்தைகள், பிள்ளையில்லாத சித்தப்பாக்கள், இவர்கள் எழுதிய உயில்கள் தங்கம். ஒரு வெள்ளிக் கரண்டியைக்கூட எந்த அக்கா மகளுக்கு, எந்த அண்ணன் மகளுக்கு என்று பெயர் சொல்லி எழுதி வைப்பார்கள்.

இதையெல்லாம் கண்ணால் புரட்டுவது மலை போன்ற வேலையாக இருந்தது. 2024-ல் ஃபேமிலிசர்ச் தளம் கையெழுத்துப் பத்திரங்களையும் உயில்களையும் கணினியே படித்து முழு வாசகத்திலும் தேடும் வசதியைக் கொண்டுவந்தது, கணக்கு தொடங்கினால் இலவசம். பழைய அட்டவணைகளில் விற்றவன், வாங்கியவன் பெயர் மட்டும் இருக்கும், இதிலோ பத்திரத்தின் நடுவில் புதைந்திருக்கும் மகளின் பெயரும் கிடைக்கிறது. அவள் பெயரைத் தனியாகப் போடாமல் கணவனின் குடும்பப் பெயரையும் நீங்கள் சந்தேகப்படும் அப்பாவின் குடும்பப் பெயரையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள். கணினி தப்பாகவும் படிக்கும். பழைய கையெழுத்தில் நீண்ட 'எஸ்' என்பது 'எஃப்' மாதிரியே இருக்கும், அதையும் மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும்.

கல்யாணப் பதிவு கிடைத்துவிட்டது, ஆனால் அந்தப் பெயரில் எந்த அப்பாவும் இல்லை

விதவையாக இருப்பாள். அந்தக் காலத்தில் மறுமணம் சர்வசாதாரணம், பதிவில் இருப்பது பிறந்த வீட்டுப் பெயரா முந்தைய புருஷன் பெயரா என்று எழுதுகிறவர் பல நேரம் சொல்ல மாட்டார். ஆன் ஈட்டனை 'ஆன் யேல்' என்று கண்டுபிடித்தவர்கள் யேல் குடும்பத்தில் அவள் அப்பாவைத் தேடினால் ஆயுசுக்கும் கிடைக்க மாட்டார். அவள் லாயிட் வீட்டுப் பெண், செஸ்டர் பிஷப் ஜார்ஜ் லாயிடின் மகள். தாமஸ் யேலுக்கு வாழ்க்கைப்பட்டு, அவர் 1619-ல் இறந்த பிறகு தியோஃபிலஸ் ஈட்டனைக் கட்டிக்கொண்டு, யேல் பிள்ளைகளோடு நியூ ஹேவனுக்கு வந்தாள். ஒரே வீட்டில் வேறு குடும்பப் பெயருள்ள பிள்ளைகள் இருந்தால் முதலில் இந்தச் சந்தேகம்தான் வர வேண்டும்.

ஜார்ஜ் வாஷிங்டனின் அம்மா மேரி பாலை எல்லாருக்கும் தெரியும். அந்த மேரியின் அம்மா? அவளும் ஒரு மேரி, ஜோசஃப் பாலைக் கட்டும்போது ஜான்சன் என்பவரின் விதவை, பால் இறந்ததும் ஹியூஸ் என்பவரைக் கட்டினாள். அவள் பிறந்த வீட்டுப் பெயருக்கு இன்றுவரை உறுதியான ஆதாரம் இல்லை. நாட்டின் முதல் ஜனாதிபதியின் பாட்டிக்கே இந்த நிலைமை. ஆனால் கடைசிப் புருஷனும் போன பிறகு அவள் தானே உயில் எழுதினாள், அதில்தான் மகள் மேரி பாலும் முதல் கல்யாணத்துப் பிள்ளையும் ஒன்றாக வருகிறார்கள். விதவைக்கு உயில் எழுதும் உரிமை திரும்பி வந்துவிடும், ஆகவே கணவனின் உயிலோடு நிறுத்தாமல், கடைசியாக அவள் எந்தப் பெயரில் இறந்தாள் என்று கண்டுபிடித்து அந்தப் பெயரில் தேட வேண்டும்.

எல்லா ஆன்லைன் வம்சாவளியிலும் ஒரே பெயர் இருக்கிறது, ஆதாரம் எதுவும் இல்லை

எத்தனை பேர் சொன்னாலும் அது ஒரே ஒருவர் சொன்னதுதான், மற்றவர்கள் நகலெடுத்தார்கள். 'அமெரிக்க மற்றும் சர்வதேசத் திருமணப் பதிவுகள் 1560–1900' என்று கம்பீரமாக ஒரு தொகுப்பு வரும். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது மற்றவர்கள் எழுதிக் கொடுத்த குடும்பத் தாள்களிலிருந்து தொகுத்தது, சர்ச் பதிவேடு அல்ல. அச்சில் வந்த பழைய குலவரலாறுகளும் அப்படித்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் குஸ்டாவ் ஆஞ்சூ என்ற ஆள் பணக்கார அமெரிக்கக் குடும்பங்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு பிரபு வம்சத்தை இட்டுக்கட்டிக் கொடுத்தான், அந்தப் பொய்ச் சரக்கு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இங்கிலாந்து பிரபு வீட்டுக்கு ஒரே தாவில் போகும் எந்த மனைவியையும் நான் முதலில் நம்புவதில்லை.

பெயர் சரி, ஆனால் அது வேறொரு சூசன்னாவாக இருக்குமோ என்று சந்தேகம்

சந்தேகப்படுவது நல்லது. மேஃப்ளவர் கப்பலில் 1620-ல் வந்த வில்லியம் வைட்டின் மனைவி சூசன்னாவை ரொம்பக் காலம் 'சூசன்னா ஃபுல்லர்' என்றே எழுதிவந்தார்கள். காரணம், ஹாலந்தின் லைடன் நகரில் 1612-ல் ஒரு வில்லியம் வைட் ஒரு ஆன் ஃபுல்லரைக் கட்டியதாகப் பதிவு இருந்தது. வில்லியம் வைட் என்பது தெருவுக்கு ஒருவர் வைத்துக்கொள்ளும் பெயர், ஆனும் சூசன்னாவும் ஒரே பெயர் அல்ல, இருந்தும் ஒட்டவைத்துவிட்டார்கள். முடிச்சு அவிழ்ந்தது இரண்டாவது கணவன் பக்கத்திலிருந்து. வைட் இறந்து சில மாதங்களில், 1621 மே மாதம், அவள் எட்வர்ட் வின்ஸ்லோவைக் கட்டிக்கொண்டாள். அந்த வின்ஸ்லோ 1623-ல் ராபர்ட் ஜாக்சன் என்பவருக்கு உறவுமுறை சொல்லி எழுதிய கடிதத்தைப் பிடித்துக்கொண்டு போய், அவள் இங்கிலாந்தின் ஸ்க்ரூபி பக்கத்து ரிச்சர்ட் ஜாக்சனின் மகள் என்ற முடிவுக்கு இந்த நூற்றாண்டில்தான் வந்தார்கள். உங்கள் ஆளுக்கு இரண்டு புருஷன் என்றால் இரண்டாவது புருஷனின் காகிதங்களையும் அதே அக்கறையோடு புரட்டுங்கள், பொதுவாக யாரும் புரட்டுவதில்லை.

அதே ஊரில் அதே பெயரில் இரண்டு பேர் இருந்தால், ஆளுக்கொரு வரிசை போட்டு ஒவ்வொரு பதிவையும் நிலம், பக்கத்து வீட்டுக்காரர், பிள்ளைகள் இவற்றை வைத்துப் பிரிக்க வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் கையெழுத்துக்குப் பதில் போட்ட கீறல்கூட ஆளுக்கு ஆள் வேறுபடும், மூலப் பத்திரம் கிடைத்தால் பாருங்கள்.

கல்யாணத்துக்கு முன்னாலேயே குழந்தை பிறந்ததாக வருகிறது

அவசரப்பட்டு எதுவும் முடிவு கட்டாதீர்கள், முதலில் காலண்டரைப் பாருங்கள். 1752 வரைக்கும் ஆங்கிலேயக் காலனிகளில் வருஷம் மார்ச் 25-ல்தான் பிறந்தது. 1690 மே மாதம் கல்யாணம், 1690 பிப்ரவரியில் குழந்தை என்றால், அந்தப் பிப்ரவரி கல்யாணத்துக்கு ஒன்பது மாதம் கழித்து வந்தது, நம் கணக்கில் 1691. கவனமான எழுத்தர்கள் 1690/91 என்று இரண்டையும் எழுதினார்கள். குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் மாதங்களுக்கு எண் கொடுத்தார்கள், அவர்களுடைய 'முதல் மாதம்' 1752-க்கு முன்பு மார்ச். அந்த 1752-ல் செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14. வாஷிங்டனின் பிறந்தநாளே பழைய கணக்கில் 1731/32 பிப்ரவரி 11, புதிய கணக்கில் 1732 பிப்ரவரி 22.

ஐம்பத்தைந்து வயதில் பிள்ளை பெற்றிருக்கிறாள்

பெற்றிருக்க மாட்டாள். இரண்டு மனைவிகள், ஒரே பெயர். மூத்த தாரம் ஹன்னா செத்து இளைய தாரமும் ஹன்னாவாக வருவது அதிசயமே இல்லை. பிள்ளைகளின் பிறப்பை வருஷ வாரியாக எழுதிப் பாருங்கள், ஏறக்குறைய இரண்டு வருஷத்துக்கு ஒன்று என்று போகும் வரிசையில் திடீரென்று ஐந்தாறு வருஷ இடைவெளி வந்தால் அந்த இடத்தில் நோண்டுங்கள். செல்லப்பெயரும் குழப்பும்: பாலி, மாலி இரண்டும் மேரி, சாலி என்பது சாரா, பேட்ஸி என்பது மார்த்தா, நான்ஸி என்பது ஆன்.

உயிலில் 'மாமியார்' என்றிருக்கிறது, ஆனால் அது மனைவியின் அம்மா இல்லை

மாற்றாந்தாயாக இருக்கலாம். அன்றைய ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் ஓடியது. 'கசின்' என்பது அண்ணன் மகனாகவோ அக்கா மகளாகவோ இருக்கலாம், 'சகோதரர்' என்பது மச்சானாகவோ சபையைச் சேர்ந்தவராகவோ இருக்கலாம், 'ஜூனியர்' என்பது அதே ஊரில் அதே பெயருள்ள இளையவர், அவ்வளவுதான், மகன் என்று அர்த்தமில்லை. 'மிஸ்ட்ரஸ்' என்று முன்னால் போட்டிருந்தால் கல்யாணமானவள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அந்தஸ்துள்ள வீட்டுப் பெண் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறப்பு, கல்யாணம், சாவு எதுவுமே பதிவில் இல்லை

நியூ இங்கிலாந்தில் கல்யாணத்தைச் சர்ச் பதிவில் தேடுவது வீண், பதினேழாம் நூற்றாண்டின் பெரும்பகுதி அங்கே கல்யாணம் செய்துவைத்தவர் நீதிபதி. ஞானஸ்நானமும் எல்லாருக்கும் கிடைக்காது, தொடக்க காலத்தில் அப்பாவோ அம்மாவோ சபையின் முழு உறுப்பினராக இருந்தால்தான் குழந்தைக்கு உண்டு. பல வீடுகளில் அம்மாதான் உறுப்பினர். அதனால் அவள் சேர்ந்த வாரத்திலேயே நாலைந்து பிள்ளைகளுக்கு ஒன்றாக ஞானஸ்நானம் நடந்திருக்கும், அவள் பெயரும் இருக்கும். அந்தத் தேதியை எல்லாருடைய பிறந்த தேதியாகவும் எழுதி வைத்தவர்கள் உண்டு.

அப்புறம் சண்டைகள். ஆன் ஈட்டன் நியூ ஹேவன் கவர்னரின் மனைவி, இருந்தும் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது சரியில்லை என்று சொல்லிச் சர்ச்சிலிருந்து எழுந்து போனாள். நியூ ஹேவன் சபை 1644-ல் அவளை விசாரித்து 1645-ல் விலக்கிவைத்தது. விசாரணையில் மதத்தோடு நிற்கவில்லை, மாமியாரை அறைந்தாள், மூத்த தாரத்து மகள் மேரியைக் கொடுமை செய்தாள் என்று வீட்டுக்குள் நடந்ததையெல்லாம் இழுத்தார்கள். அவளுக்கு அது எவ்வளவு அவமானமாக இருந்திருக்கும் என்பது ஒரு பக்கம். நமக்கு அந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள், யார் யாருக்கு என்ன முறை என்பது முழுதாகக் கிடைக்கிறது, எந்தப் பிறப்புப் பதிவும் இவ்வளவு சொல்லாது. 1692 சேலம் சூனிய வழக்குகளும் அதே மாதிரிதான். நர்ஸ், ஈஸ்டி, க்ளாய்ஸ் என்று மூன்று குடும்பப் பெயரில் நிற்கும் ரெபெக்கா, மேரி, சாரா மூவரும் டவுன் வீட்டு அக்கா தங்கைகள். முதல் இருவரையும் தூக்கிலிட்டார்கள்.

சரியான ஊர்தான், ஆனால் ஆவணக் காப்பகத்தில் ஒன்றும் இல்லை

அந்த வருஷத்தில் அந்த ஊர் எந்த ஆட்சியில் இருந்தது என்று பாருங்கள். நியூ ஹேவன் 1638 முதல் தனிக் காலனி, 1665-ல்தான் கனெக்டிகட்டோடு முழுதாகச் சேர்ந்தது. மேய்ன் 1820 வரை மாசசூசெட்ஸோடு இருந்தது. பிரிஸ்டல், டிவர்ட்டன், லிட்டில் காம்ப்டன் எல்லாம் 1747-ல்தான் ரோட் ஐலண்டுக்கு வந்தன. கவுண்டிகள் (நம் மாவட்டம் மாதிரி) பிரியும்போது பழைய புத்தகம் தாய்க் கவுண்டியிலேயே தங்கிவிடும்.

வர்ஜீனியாவில் வேறு சோகம். உள்நாட்டுப் போரில் பத்திரமாக இருக்கட்டும் என்று பல கவுண்டிகள் ரிச்மண்டுக்கு அனுப்பிய புத்தகங்கள் 1865 ஏப்ரலில் நகரத்தோடு எரிந்துபோயின. கவுண்டிக்கு வெளியே இருந்தவை பிழைத்தன: காலனி அளவில் இருந்த நிலப் பட்டாக்கள், பக்கத்துக் கவுண்டியின் நீதிமன்றக் குறிப்புகள், லண்டனில் கேன்டர்பரி சர்ச் நீதிமன்றத்தில் பதிவான உயில்கள். வர்ஜீனியா மாநில நூலகத்தின் சான்சரி (சொத்துத் தகராறு போன்றவற்றை நியாயம் பார்த்துத் தீர்த்த நீதிமன்றம்) வழக்கு அட்டவணையைக் கட்டாயம் பாருங்கள், சொத்துக்காகச் சண்டை போட்ட குடும்பங்கள் மூன்று தலைமுறையை எழுதிக் கொடுத்திருக்கும்.

கப்பல் பட்டியலில் இல்லையே என்று கவலை வேண்டாம், அமெரிக்கா முறையாகப் பயணிகள் பட்டியல் வாங்கத் தொடங்கியது 1820-ல். 1718 சட்டத்துக்குப் பிறகு குற்றவாளியாக நாடு கடத்தப்பட்டு வந்தவள் என்றால் லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தின் விசாரணைக் குறிப்புகள் இணையத்தில் இருக்கின்றன.

ஒவ்வொரு தலைமுறைக்கும் குடும்பப் பெயர் மாறுகிறது

டச்சுக்காரர்கள். இன்றைய நியூயார்க் 1664 வரை நியூ நெதர்லாந்து, அங்கே அப்பா பெயரே பிள்ளைக்குப் பின்னால் வரும், நமக்கு இது புதிதில்லை. யான் என்பவரின் மகள் யான்ஸ். கல்யாணம் ஆனாலும் பெண் தன் பெயரை விடமாட்டாள், சர்ச் பதிவிலும் அதே பெயரில் அம்மாவாக நிற்பாள், கணவனும் மனைவியும் சேர்ந்தே உயில் எழுதினார்கள். இங்கே தேடுவது ஆங்கிலேயப் பகுதியைவிட எளிது. ஞானஸ்நானத்துக்குச் சாட்சி நின்றவர்களைக் குறித்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அத்தை, மாமா, தாத்தா, பாட்டி. இந்த ஊரின் பிரபலம் ஆன்னகே யான்ஸ், மன்ஹாட்டனில் நிலம் வைத்திருந்தவள். அந்த நிலம் டிரினிட்டி சர்ச்சுக்குப் போய்விட, வாரிசு என்று சொல்லிக்கொண்டு தலைமுறை தலைமுறையாக வழக்குப் போட்டார்கள், கூடவே அவள் ஆரஞ்ச் இளவரசர் வில்லியமின் பேத்தி என்று ஒரு கதையையும் கட்டினார்கள். அவள் அம்மா ட்ரெய்ன் யோனாஸ் ஒரு மருத்துவச்சி. இளவரசர் கதையை வெட்டிவிட்டு 1663-ல் அவள் எழுதிய உயிலிலிருந்து தொடங்குங்கள்.

குடும்பப் பெயரே இல்லை, 'ஜூடித்' என்று மட்டும் இருக்கிறது

ஆப்பிரிக்க அடிமைப் பெண்ணாக இருக்கலாம். அப்படியானால் எசமானின் குடும்பத்தைத்தான் முதலில் முழுதாகத் தேட வேண்டும், அவனுடைய உயில், சொத்துப் பட்டியல், மகளுக்குக் கொடுத்த சீர், கடன் வழக்கு எல்லாவற்றையும். மனதுக்குக் கஷ்டமான வாசிப்பு. அடிமை அம்மாவுக்குப் பிறந்த குழந்தை அடிமையே என்று வர்ஜீனியா 1662-ல் சட்டம் போட்டது, அதனால் எசமானர்கள் அம்மாவையும் பிள்ளையையும் சேர்த்தே எழுதினார்கள், அப்பா பெயர் இருக்காது. இன்னொன்று, 1643 முதல் வர்ஜீனியாவில் ஆப்பிரிக்கப் பெண்களுக்கும் தலைவரி உண்டு, வெள்ளைக்கார மனைவிமார்களுக்குக் கிடையாது, ஆகவே வரிப் பட்டியலில் எசமானி இல்லாத இடத்தில் இவள் இருப்பாள். இங்கேயும் வழக்குதான் நிறையப் பேசும். எலிசபெத் கீ 1656-ல் நார்தம்பர்லாந்து கவுண்டியில் விடுதலை கேட்டு வென்றபோது, அவள் அப்பா தாமஸ் கீ என்ற ஆங்கிலேயர் என்பது சாட்சிகளின் வாக்குமூலத்தில் வந்தது. 1662 சட்டம் அதற்கப்புறம் வந்ததுதான்.

டிஎன்ஏ பொருந்துகிறது, அப்படியானால் முடிந்ததா?

இல்லை. பத்துத் தலைமுறைக்கு முன்னால் உங்களுக்கு 1,024 முன்னோர் இடங்கள், அதில் ஒருத்தியிடமிருந்து வழக்கமான பரிசோதனையில் தெரியும்படி எதுவுமே வராமல்கூடப் போகலாம். பழைய நியூ இங்கிலாந்து குடும்பங்கள் தங்களுக்குள்ளேயே கொடுத்து வாங்கியவை, பொருந்தும் துண்டு வேறு ஏதோ பாட்டி வழியில் வந்ததாக இருக்கலாம். அம்மாவிடமிருந்து மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ உதவும், ஆனால் அவளிலிருந்து மகள், மகளின் மகள் என்று ஒரு இடத்தில்கூட ஆண் குறுக்கே வராமல் இறங்கும் வாரிசு வேண்டும். அப்படி இரண்டு பேர் வேறு வேறு மகள்கள் வழியில் கிடைத்தால் இருவருக்கும் முழு வரிசைப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். அது மிக மெதுவாகத்தான் மாறும், ஆகவே பொருந்தினால் 'இருக்கலாம்' என்பதுதான், அடியோடு பொருந்தாவிட்டால் அந்த வரிசையில் எங்கோ உடைப்பு இருப்பது உறுதி. என் பார்வையில் இதன் பயனே அந்த 'இல்லை'தான்.

எல்லாம் பார்த்தாயிற்று, பெயர் வரவில்லை

காலியாக விடுங்கள். மேஃப்ளவரில் வந்த மூப்பர் வில்லியம் ப்ரூஸ்டரின் மனைவி மேரிக்கு வென்ட்வொர்த் என்று பெயர் ஒட்டியவர்கள் ஏராளம், ஆதாரம் கிடையாது, அதனால் ஒழுங்காக ஆராய்ந்தவர்கள் அந்த இடத்தில் கோடுதான் போடுகிறார்கள். கோட்டுக்குக் கீழே எந்தக் கவுண்டியின் எந்தப் புத்தகத்தை எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரைக்கும் பார்த்தீர்கள், எங்கே பக்கம் கிழிந்திருந்தது, எந்தப் பெயரை எதனால் தள்ளினீர்கள் என்று எழுதி வையுங்கள், அடுத்து வருகிறவர் அதே புத்தகத்தை மறுபடி புரட்ட வேண்டியிருக்காது.